முதல் அசை

தராசுதான் எங்களுக்கு எஜமானன்.
இரண்டு உடம்பு, முப்பது லிட்டர் பெட்ரோல்,
தலைக்குமேல் ஒரு துணிச் சிறகு.
மிச்சம் மூன்று கிலோ என்றது.
அந்த மூன்று கிலோவுக்குள்
நானும் செங்கேயும் பேசிக்கொள்ள வேண்டும்.

சோல்நோக்கில் தெஜோவின் கடை.
கண்ணாடி அலமாரியில் ஹெட்செட்டுகள்,
யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன காதுகள்.
இரைச்சலை இரைச்சலால் அழிக்கும் ரகத்தை
என் கையில் வைத்து, விலையை மட்டும்
குரல் தாழ்த்திச் சொன்னான்.
'கூரை உள்ள விமானத்துக்கு இது ராஜா.
உங்கள் மூஞ்சியில் அறையப்போவதோ வெறும் காற்று.
அதற்குத் தாளம் கிடையாது.
தாளம் இல்லாததை எதை வைத்து அழிப்பது?'
விற்க உட்கார்ந்தவன் வேண்டாம் என்றதால்
மற்றதையெல்லாம் அவனிடமே வாங்கினோம்.

ஹெல்மெட்டோடு சேர்ந்தது இரண்டு.
உதட்டில் முட்டும் மைக், அதற்குத் தடித்த பஞ்சு உறை.
ரேடியோ கையடக்கம் போதும்.
பதிக்கப் பலகை வேண்டுமே, எங்களிடம் இருப்பது
ஓர் உயரமானியும் ஒரு பிஸ்கட் டப்பாவும்.
ஸ்பார்க் பிளக்குகளுக்கு உலோகத் தொப்பி:
இல்லாவிட்டால் தரையில் இருப்பவர்கள்
என்னைக் கேட்கமாட்டார்கள்,
எஞ்சின் சோளம் பொரிப்பதைக் கேட்பார்கள்.

சண்டை இன்டர்காமில்.
எனக்குப் பொத்தான் வேண்டும். அழுத்தினால் பேச்சு, விட்டால் அமைதி.
'ஒரு கையில் பென்சில், மறு கையில் அட்டை,
மூன்றாவது கையை எங்கே வாங்குவது, தெஜோவிடமா?'
தீசா ஆற்றங்கரை நெடுக
மின்கம்பங்களின் உச்சியில் நாரைக்கூடு எண்ணுவது
அவளுக்கு உத்தியோகம்.
ஆகவே, குரல் பட்டால் திறக்கும் வாசல்.

திறக்கும்தான்.
திறப்பதற்குள் ஓர் அசையைத் தின்றுவிடும்,
மூச்சிரைக்கும் நாளில் இரண்டை.
எங்கள் ஹங்கேரிய மொழியோ
முதல் அசையில்தான் காலூன்றி நிற்கும்.
மேலா, கீழா என்பது வினைக்கு முன்னால் ஒட்டி வரும்.
அது வாசலில் மாட்டிக்கொள்ள
'போகிறோம்' மட்டும் என் காதுக்குள் வந்தது.
இடப்பக்கம் என்றால் பல்ரா. வலப்பக்கம் யொப்ரா.
வந்து சேர்ந்தது ரா.
ரா என்றாள், திரும்பினேன்.
ரா! என்றாள், மறுபடி திரும்பினேன்.
ஒரே நாரைக் குடும்பத்தை
அன்று மூன்று முறை பதிவு செய்தோம்.
மூன்றாம் முறை அது எழுந்து நின்று பார்த்தது.

குமிழைத் தளர்த்தினால் காற்றே பேச ஆரம்பித்தது,
நாள் முழுக்க, கமா இல்லாமல்.
இறுக்கினால் கூச்சலும் நுழையவில்லை.
சரி, சுங்கம் கட்டிவிடலாம் என்று முடிவானது.
பேசுமுன் அவள் இருமுவாள்.
எனக்கு இருமல் வரவில்லை.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால்
அவள் பெயரை வைத்தேன்.
செங்கே, புகைபோக்கியில் ஒரு கூடு.
செங்கே, குளிர்கிறதா.
செங்கே, அந்தச் சூரியகாந்தி வயலை
விவரம் சொல்லாமல் சும்மா பார்.

ஆகஸ்டில் கணக்கு முடிந்தது. அறுநூற்றுப் பதினெட்டு.
புல்லில் இறங்கி எஞ்சினை அணைத்தேன்.
வெந்த உலோகம் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.
ஹெல்மெட்டைக் கழற்றியபடி சொன்னாள்:
'இந்தக் கோடை முழுக்க ஒருதரம்கூட
நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.'

விளக்க வாயெடுத்தேன்,
பழக்கதோஷம், முன்னால் வந்தது
செங்கே.

வாசல் இல்லை. முழுசாகப் போய்ச் சேர்ந்தது.
அடுத்து என்ன சொல்ல இருந்தேன் என்பது
மறந்துவிட்டது.